ஒன்று காலியாகவே இருக்கட்டும்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ரிகர்சல் பதிவைக் கேட்டேன். அம்மா தூங்கப் போனதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறுபடியும் கேட்டேன். கியூபாவின் தாளமும் ஜாஸும் கலந்த லத்தீன் ஜாஸ். பியானோ, பேஸ், தும்பா (கையால் தட்டும் காங்கா), டிரம்ஸ், டிரம்பெட் என்று ஐந்தே பேர். ஆள் குறைவு என்பதால் யார் என்ன செய்கிறார்கள் என்பது தனித்தனியாகக் காதில் விழுகிறது. நன்றாக வாசிக்கிறீர்கள் கண்ணு. உன் பேஸ் சுத்தமாகப் பேசுகிறது.

ஆனால் அன்றைக்கு நீ போனில் சொன்னது மனதிலேயே நிற்கிறது. "லத்தீன் ஜாஸில் பேஸுக்கு என்னப்பா வேலை? ரெண்டே அடி, அதையே திரும்பத் திரும்ப வாசிக்கணும்" என்றாய். அதற்குப் போனில் பதில் சொல்ல முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். மெல்லிசைக் குழுவில் தும்பா வாசித்தே காலத்தை ஓட்டியவன் நான். மேடையில் என் பக்கத்தில் எப்போதும் பேஸ் கிட்டார்காரர்தான் நிற்பார். அவர் சரியாக இருந்தால்தான் என் கை சரியாக இருக்கும்.

ஒரு சுற்றை எட்டாக எண்ணிப் பார். உன் அடிகள் நாலிலும் ஏழிலும் விழுகின்றன. ஒன்றில் எதுவும் கிடையாது. ஏழில் நீ எடுக்கும் சுரம் அடுத்த சுற்றின் கார்டுக்கு, அதாவது பியானோ சேர்த்து வாசிக்கும் சுரக்கூட்டத்துக்கு, உரியது. பியானோ மாறுவதற்கு முன்பே பேஸ் அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஒன்று வரும்போது அந்தச் சுரத்தின் கார்வை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது தும்பாவைக் கேள். மூன்றில் சுளீரென்று ஒரு அறை, அப்புறம் ஏழிலும் எட்டிலும் உள்ளங்கை ஒட்டாமல் இரண்டு திறந்த அடி. உன் ஏழும் அவருடைய ஏழும் ஒரே இடத்தில் விழுவதைக் கவனித்தாயா? இரண்டு கட்டைகளைத் தட்டி வாசிக்கும் ஐந்து அடித் தாளமான கிளாவேயையும் இதோடு சேர்த்துப் பார். கட்டையைத் தட்ட ஆள் இல்லாவிட்டாலும் ஐந்து பேர் மனதிலும் அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மூன்று-இரண்டு முறையில், இரண்டு சுற்றைப் பதினாறாக எண்ணினால் 1, 4, 7, 11, 13. அதில் நாலும் ஏழும் உன்னுடையவை. நீ சலித்துக்கொள்கிற அந்த ரெண்டே அடியில்தான் தும்பாவும் கிளாவேயும் உன்னிடம் வந்து சேர்கின்றன.

பதிவில் பியானோவின் சோலோ சூடுபிடிக்கும் இடத்துக்குப் போ. அவர் மோண்டுனோவை, திரும்பத் திரும்ப வரும் அந்தப் பியானோ நடையை, விட்டுவிட்டு வலது கையில் பறக்கத் தொடங்குகிறார். உடனே நீ ஒன்றில் அழுத்தி அடிக்கிறாய். அவருக்குப் பிடிமானமாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பாய். ஆனால் அந்த இடத்திலேயே பாட்டு தரையில் உட்கார்ந்துவிடுகிறது. தும்பாக்காரரின் ஏழு ஆதரவில்லாமல் தனியாகக் கேட்கிறது. டிரம்பெட் நுழைந்ததும் நீ பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறாய், பாட்டும் எழுந்து நிற்கிறது. இந்த இரண்டு இடத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேள். ஒன்றைக் காலியாக விட்டால்தான் மற்ற நாலு பேருக்கும் காலைத் தூக்கி ஆட இடம் கிடைக்கும். கூட்டம் பெரிதாக இருந்தால் இந்தப் பிசகு அதில் மறைந்துவிடும். ஐந்து பேரில் மறையாது.

நீ இருக்கும் நியூயார்க்தான் இந்த இசைக்குப் பிறந்த வீடு. ஹவானாவிலிருந்து வந்த மாரியோ பௌசா, மாச்சிட்டோ குழுவுக்காக 1943-இல் 'டாங்கா' என்ற பாட்டை அங்கேதான் உருவாக்கினார். ஜாஸ் டிரம்பெட் வித்வான் டிஸ்ஸி கில்லெஸ்பி தன் பெரிய குழுவுக்குத் தும்பா வாசிக்க ஆள் தேடியபோது கியூபாக்காரர் சானோ போஸோவைக் கைகாட்டியதும் அதே பௌசாதான். 1947 கடைசியில் அந்தக் குழுவின் 'மான்டேகா' பாட்டு பதிவானது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் டிஸ்ஸியையும் போஸோவையும் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பேஸ் வாசித்த ஆல் மெக்கிப்பனைச் சொல்வதில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஜாஸில் வளர்ந்த மனிதர் அவர், ஒரு சுற்றுக்கு நாலு சுரமாக நடந்து பழகிய கை. போஸோவின் பக்கத்தில் இருந்து கியூபாவின் தாளத்தைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வருஷமே ஹார்லெமில் போஸோவைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள், 33 வயதில். மெக்கிப்பன் தான் கற்றதை 1950-களில் பியானோக்காரர் ஜார்ஜ் ஷீரிங்கின் சிறிய குழுவுக்குக் கொண்டுபோனார். அதில் வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைக் கோலால் தட்டும் வாத்தியம்) வாசித்த கால் சேடருக்கு அங்கேதான் இந்தப் பைத்தியம் முற்றியது. 1954-இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய்ச் சொந்தமாக ஒரு சின்னக் குழுவை ஆரம்பித்துவிட்டார். உங்கள் ஐந்து பேர் ஏற்பாடு வந்த வழியில் ஒரு பேஸ்காரர் இருக்கிறார் என்பதை மறக்காதே.

கியூபாவின் பேஸ் வித்வான் கச்சாவோவையும் கேள். 1957-இல் ஹவானாவில், கிளப் வேலை முடித்து வந்த வித்வான்களை நடுராத்திரிக்கு மேல் ஸ்டுடியோவில் உட்காரவைத்து எடுத்த டெஸ்கார்காக்கள், அதாவது முன்கூட்டி எழுதாமல் சேர்ந்து வாசித்த பதிவுகள், அவை. அவர் சிம்பொனி குழுவிலும் பேஸ் வாசித்தவர். எவ்வளவோ வாசிக்கத் தெரிந்த கை அந்த ரெண்டு அடியில் எப்படி நிற்கிறது என்று பார்.

அப்புறம் ஜெர்ரி கொன்சாலெஸின் ஃபோர்ட் அப்பாச்சி குழு. ஜாஸ் பியானோ மேதை தெலோனியஸ் மங்க் இயற்றியவற்றையே எடுத்து 'ரும்பா பாரா மங்க்' என்று வாசித்திருக்கிறார்கள். அதிலும் ஐந்து பேர்தான். ஜெர்ரியே டிரம்பெட்டும் ஊதி, தும்பாவும் வாசித்திருக்கிறார். பேஸ் அவர் தம்பி ஆண்டி. பாட்டின் நடுவில் லத்தீன் நடையை விட்டு ஜாஸின் ஸ்விங் நடைக்குப் போவதும் திரும்புவதும் எந்தச் சைகையும் இல்லாததுபோல் நடக்கும். ஆண்டியின் கையை மட்டும் பின்தொடர்ந்தால் பிடிபட்டுவிடும்.

இன்னொன்று. உன் எலெக்ட்ரிக் பேஸில் சுரம் தேவைக்கு மேல் இழுக்கிறது. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் கம்பிக்கு அடியில் சின்ன ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றைச் செருகிப் பார். 'தும்' என்று உருண்டையாக விழுந்து அடங்க வேண்டும்.

அடுத்த ரிகர்சலில் தும்பாக்காரருக்குப் பக்கத்தில், அவர் கை தெரிகிற மாதிரி நின்று வாசி. அவருடைய தும்பாவில் இருப்பது தோலா, பைபரா என்று எனக்குக் கேட்டுச் சொல்லு. பதிவில் தோல் மாதிரிதான் கேட்கிறது. தோல் என்றால், அங்கே குளிர்காலத்தில் எப்படிச் சுருதி சேர்க்கிறார் என்றும் கேள்.

அன்புடன்,
அப்பா