இறங்கப் பழகுகிறேன், அப்பா

சுங்கை சிப்புட்,
பேராக், மலேசியா.

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் எழுதிக்கொள்வது. இங்கு அத்தை, மாமா, அவர் அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று தவறாமல் எழுதுங்கள்.

ஞாயிறுதோறும் நான் ஈப்போவுக்குப் போய் விமானம் ஓட்டப் பழகுவதைக் கேட்டு நீங்கள் சரியாக உறங்குவதில்லை என்று தம்பி சொன்னான். விழுந்துவிடுவேனோ என்பதுதான் உங்கள் அச்சமென்றால், அங்கே எங்களுக்குச் சொல்லித் தருவதில் பெரும்பகுதி பத்திரமாகக் கீழே இறங்குவதுதான்.

நான் ஓட்டுவது செஸ்னா 152 என்னும், இருவர் மட்டுமே அமரக்கூடிய சிறு விமானம். பயிற்றுநருக்கும் எனக்கும் தனித்தனிக் கைப்பிடி உண்டு. நான் தடுமாறினால் அந்தக் கணமே அவர் வாங்கிக்கொள்வார். 50 நாட், அதாவது மணிக்குச் சுமார் 93 கிலோமீட்டர் வேகத்தில் மூக்கை மெல்ல உயர்த்தினால் அது தரையை விட்டுவிடும். ஏறுவதில் பெரிய சிரமம் இல்லை. தரையிலிருந்து 1,000 அடி உயரத்தில் ஓடுபாதையை ஒட்டி நீள்சதுரமாக ஒரு சுற்று வந்து இறங்கி, சக்கரம் தரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் விசையைக் கூட்டி மீண்டும் எழும்புவோம். காலை முழுவதும் இதே வேலைதான்.

இறங்குவதற்காக விசையைக் குறைக்கும் முன்பு, காற்றோடு எரிபொருளைக் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடும் குமிழை இழுக்க வேண்டும். இந்த வெயிலில் எதற்கு என்று கேட்டேன். எரிபொருள் ஆவியாகும்போதும் காற்று குறுகலான வழியில் பாயும்போதும் உள்ளே வெப்பம் வெகுவாகத் தணிந்துவிடுவதால், ஈரப்பதம் மிகுந்த இந்த நாட்டில், வெளியே 30 டிகிரி இருந்தாலும் உள்ளே பனிக்கட்டி படிந்து எஞ்சினை அடைத்துவிடக்கூடுமாம். சுங்கை சிப்புட்டில் பனிக்கட்டிக்குப் பயப்படும் ஒரே ஆள் நான்தான் என்று வீட்டில் அவர் கேலி செய்கிறார்.

ஓடுபாதையை நோக்கி இறங்கும் கடைசி நேர்கோட்டில் வேகம் 60 நாட், அதாவது மணிக்குச் சுமார் 110 கிலோமீட்டர். தரைக்குச் சில அடி இருக்கும்போது விசையை முழுவதும் குறைத்து, பார்வையை ஓடுபாதையின் கடைக்கோடிக்குக் கொண்டுபோய், மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அருகே பார்த்தால் தரை பாய்ந்து வருவதுபோல் தோன்றி, கை பதறிச் சட்டென்று இழுத்துவிடும்; விமானமும் மறுபடி எழும்பிவிடும். சரியாக அமைந்தால், வேகம் குறைந்ததை எச்சரிக்கும் ஊதல் மெல்லக் கேட்க, பின்சக்கரங்கள் இரண்டும் முதலில் தரையைத் தொடும்.

அமையவில்லை என்று தோன்றினால், யாரையும் கேட்காமல் முழு விசை கொடுத்து மேலே ஏறிவிட வேண்டும். பயிற்றுநர் இதைக் குறையாக எண்ணுவதில்லை. எப்படியாவது இறங்கியே தீருவேன் என்று பிடிவாதம் பிடிப்பவரைத் தனியாக அனுப்பமாட்டேன் என்கிறார். நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான், அப்பா.

பிற்பகலில் இடியும் மழையும் கூடிவிடுவதால் காலையிலேயே பறந்துவிடுவது நல்லது. இளவயதில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அத்தைக்கு இருட்டோடு எழும் பழக்கம் இன்னும் போகவில்லை; எனக்கு முன்பே வாசலில் நின்று வானத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் மலைகள் மூட்டத்தில் மறைந்திருந்தால் அன்று பறப்பது கிடையாது, பசியாறிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

தனியாகப் பறக்க இன்னும் நாளாகும். அந்த நாள் வரும்போது முன்கூட்டியே சொல்லவா, இறங்கிய பிறகு சொல்லவா என்பதை அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
அன்பு மகள்