குளிரில் கலையும் காந்தம்

அன்புள்ள குமரா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைக்குப் பிறகு உன் கையாலேயே எழுதியிருக்கிறாய் என்று பார்த்ததும் பாதிக் கவலை போயிற்று. கையெழுத்து அப்படியேதான் இருக்கிறது.

நீ கேட்ட கேள்வியை இரண்டு நாளாக மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். குளிரக் குளிர ஸ்பின்கள், அதாவது அணுக்களின் குட்டிக் காந்தங்கள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றுவிடுமே, அதற்குமேல் அங்கே மாற என்ன இருக்கிறது என்கிறாய். நாம் அப்படித்தானே படித்தோம். இரும்பு 1043 கெல்வினைத் தாண்டினால், ஸ்பின்கள் தாமே அணிவகுக்கும் ஃபெரோகாந்தத் தன்மை போய்விடும், ஆறினால் திரும்பும். கலைப்பது வெப்பம், சேர்ப்பது குளிர்.

இப்போது நான் அளந்துகொண்டிருப்பது லித்தியம் ஹோல்மியம் ஃப்ளூரைடு. கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் படிகம். இதில் ஒவ்வொரு ஹோல்மியம் அயனியின் காந்தமும் ஓர் அச்சில் மேலே பார்க்கும், இல்லையேல் கீழே பார்க்கும், பக்கவாட்டில் திரும்பாது. 1925-ல் இயற்பியலர் ஈசிங் எழுதிய, மேல் கீழ் மட்டுமே உள்ள கணித மாதிரியே பொருளாக வந்து உட்கார்ந்ததுபோல் இருக்கும். மயிரிழை போன்ற செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, உள்ளே படிகத்தை வைத்துக் குளிர்விப்போம். காந்த ஏற்புத்திறன், அதாவது சிறு புலத்துக்குப் படிகம் எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவு, மெல்ல ஏறும், பிறகு சரசரவென்று ஏறும், 1.53 கெல்வினில் வெட்டிவிட்டதுபோல் சமதளமாகிவிடும். வளைகோட்டின் அந்த முழங்கைதான் நிலைமாற்றம், ஸ்பின்கள் ஒழுங்குக்கு வரும் இடம். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடம் வரும்போது நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறேன். படிகத்தை ஊசிபோல நீளமாக அறுப்பதும் இதற்காகத்தான்: குட்டையாக இருந்தால் அதன் வடிவமே எதிர்க்காந்தப் புலத்தை உண்டாக்கி, சமதளத்தைத் தாழ்த்தி, முழங்கையை மழுக்கிவிடும்.

இனி உன் கேள்வி. இன்னும் குளிர்விக்கிறோம், 0.1 கெல்வின் வரைக்கும். வெப்பம் செய்வதற்கு அங்கே ஏதும் மிச்சமில்லை. அச்சுக்குச் செங்குத்தாகக் காந்தப்புலத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஏறக்குறைய 5 டெஸ்லாவில் அந்த ஒழுங்கு கலைந்துவிடுகிறது! பிட்கோ, ரோசன்பாம், ஏப்ளி என்ற இயற்பியலர்கள் மூவரும் 1996-ல் இந்த எல்லையை அளந்து காட்டினார்கள். பக்கவாட்டுப் புலம் ‘மேல்’ நிலையையும் ‘கீழ்’ நிலையையும் ஒன்றோடொன்று கலக்கிவிடுகிறது. அயனி இரண்டிலுமாக இருக்கத் தொடங்குகிறது. சூட்டின் ஆட்டம் இல்லை குமரா, குவாண்டம் ஆட்டம். அதற்குக் கீழே குளிரே இல்லாத சுழியம் கெல்வினிலும் அது ஓயாது.

இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கிறது. ஹோல்மியத்தின் அணுக்கருவுக்கும் 7/2 ஸ்பின் இருக்கிறது. நாம் அணுக்கருவின் காந்தத்தை அற்பம் என்று ஒதுக்கிப் பழகியவர்கள். இந்தக் குளிரிலோ அது எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறது. ஒழுங்கைக் கலைக்க அதிகப் புலம் தேவைப்படுகிறது. வெப்பநிலைக்கு எதிராகப் புலத்தை வரைந்தால், ஒழுங்கின் எல்லைக்கோடு குளிரின் கடைசியில் திடீரென மேலே வளைகிறது. நியூட்ரான்களைப் படிகத்தில் மோதவிட்டு அளக்கும் நியூட்ரான் சிதறல் அளவீடு ஒன்று 2005-ல் வெளியானது; அதில், மாற்றப் புள்ளியில் சுழியம்வரை இறங்க வேண்டிய கிளர்ச்சி ஆற்றல் (ஸ்பின்களை அசைக்கத் தேவையான ஆற்றல்) பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அதற்கும் இந்த அணுக்கருதான் காரணம்.

எங்கள் பாடு என்ன என்று கேட்டிருந்தாய். சென்ற மாதம் இரண்டு வார அளவீட்டைத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. படிகம் பசையில் ஒரு பாகை போலச் சாய்ந்து ஒட்டியிருந்தது. 5 டெஸ்லாவில் ஒரு பாகைச் சாய்வு என்றால் அச்சின் வழியே 0.09 டெஸ்லா கசியும். அது போதும், மேல் கீழ் என்ற சமநிலை முறிந்து, மாற்றம் கூர்மை இழந்து வழவழவென்று ஆகிவிடும். வளைகோட்டைப் பார்த்துப் படிகமே பழுது என்று நினைத்து நொந்துபோனேன். பிறகு எக்ஸ் கதிர் வைத்துத் திசை பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

நேற்று மறுபடி ஒட்டிவிட்டோம். பசை காய்ந்ததும் திசையை இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டு, திங்கட்கிழமை குளிர்விக்கத் தொடங்குகிறோம். முழங்கை கூர்மையாக வந்தால் அந்த வரைபடத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு உனக்கு அனுப்புகிறேன். கண்ணை வருத்தாமல் பார்.

அன்புடன்,
சேகர்