இந்தப் பிள்ளையார் நோன்புக்கு நீங்கள் வர வேண்டாம்

காரைக்குடி
மார்கழி

அன்புள்ள மகளுக்கு,

அப்பச்சி எழுதுவது. நேற்று போனில் பேசியதில் பாதிகூட உன் காதில் விழுந்திருக்காது. அந்தப் பக்கம் சின்னவன் அழுகை. இந்தப் பக்கம் உன் ஆத்தா போனைப் பிடுங்கி, "மிளகுத் தண்ணி வச்சுக் கொடு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால்தான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எதிர்வீட்டுப் பையனிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன். பிள்ளைகள் தூங்கும்போது நிதானமாகப் படி.

முதலில் அவசரமானது. சின்னவனுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த ஃப்ளூ மருந்து ஓசல்டமிவிரை உன் மாமியா வேண்டாம் என்றார்கள் என்று பிரிக்காமலே வைத்திருக்கிறாயாமே. இன்றே ஆரம்பித்துவிடு. காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அந்த மருந்து நன்றாக வேலை செய்யும். பெரியவளுக்கு ஏழு வயது, திடமான பிள்ளை, நாலாம் நாள் தானாகவே இறங்கிவிட்டது. சின்னவன் கதை வேறு. இரண்டு வயது முடியாத பிள்ளைகளுக்கு ஃப்ளூ நுரையீரல்வரை இறங்கிவிடும் ஆபத்து கூடுதல். அக்காளுக்கு ஃப்ளூ என்று டெஸ்டில் தெரிந்த பிறகு தம்பிக்கும் காய்ச்சல் அடித்தால், அவன் மூக்கிலும் குச்சியை விட்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று டாக்டர் நினைத்ததும் நியாயம்தான். காலையில் ஒரு வேளை, இரவில் ஒரு வேளை, ஐந்து நாள். நடுவில் காய்ச்சல் விட்டாலும் ஐந்து நாளும் கொடு. வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும். இரண்டு வாய் இட்லி உள்ளே போகட்டும், அப்புறம் கொடு.

உன் மாமியா பயப்படுவதும் புரிகிறது. ரிப்போர்ட்டில் எச்1என்1 என்று போட்டிருக்கிறதல்லவா, 2009-ஐ நினைத்திருப்பார்கள். பன்றிக்காய்ச்சல் என்று பேப்பரில் தினமும் தலைப்புச் செய்தி. அந்த ஜூன் மாதம்தான் உலக சுகாதார நிறுவனம் அதை உலகத்தொற்று என்று அறிவித்தது. நம் கடை வாசலில் மாஸ்க் கேட்டுக் கூட்டம். இதே ஓசல்டமிவிரைக் கேட்டும் வந்தார்கள். நம்மைப் போன்ற சாதாரண மெடிக்கல் ஷாப்பில் அப்போது அதை விற்க அனுமதியே இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பினேன். 2010 ஆகஸ்டில் உலகத்தொற்று முடிந்தது என்றார்கள். கிருமி மட்டும் போகவில்லை. வருஷா வருஷம் வந்து போகிற ஃப்ளூக்களில் ஒன்றாகத் தங்கிவிட்டது. இதை அவர்களிடம் பக்குவமாகச் சொல். நீ சொன்னால் எடுபடாது என்றால் மாப்பிள்ளையை விட்டுச் சொல்லச் சொல்.

அடுத்து அந்தத் தெர்மாமீட்டர். மணிக்கு ஒரு தரம் அக்குளில் வைத்துப் பார்த்து 102, 103 என்று எனக்கு மெசேஜ் போடுகிறாய். "ஒண்ணுக்குப் போனானா, தண்ணி குடிச்சானா" என்று நான் கேட்டால் உனக்குக் கோபம் வருகிறது. கடையில் நின்ற இத்தனை வருஷத்தில் காய்ச்சல் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர்களை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். 103 அடித்த பிள்ளை மருந்து உள்ளே போய்ச் சற்று நேரத்தில் கண்ணாடி ஜாடியில் இருக்கிற மிட்டாயைக் கையைக் காட்டிக் கேட்கும். அதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இருந்ததில்லை. இன்னொரு பிள்ளைக்கு நூறுதான் இருக்கும்; ஆனால் துவண்டு கிடக்கும், பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் முகத்தைத் திருப்பாது. அவர்களைக் கடையில் நிற்கவே விடமாட்டேன், ஆட்டோவை நானே கூப்பிட்டு ஏற்றிவிடுவேன். காய்ச்சல் என்பது உடம்பு கிருமியோடு மல்லுக்கட்டுகிற சூடு. அதை 98.4-க்குக் கொண்டுவந்தே தீருவது என்று நீ மல்லுக்கட்ட வேண்டாம். பிள்ளை அனத்தாமல் நாலு மடக்குக் குடிக்கிற அளவுக்கு இறங்கினால் போதும். நன்றாகத் தூங்குகிற பிள்ளையைக் காய்ச்சல் மருந்துக்காக எழுப்பாதே.

சரி, அந்த மருந்தின் அளவு. "ஒரு மூடி கொடுத்தேன்" என்றாயே, எந்தப் பாட்டிலில்? எனக்கு அதுதான் ராத்திரி முழுக்க உறுத்தியது. பாராசிட்டமால் பிள்ளைகளுக்கு ஒரே கெட்டியில் வருவதில்லை. சொட்டு மருந்து என்றால் பெரும்பாலும் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சிரப்பில் ஒரு வகை 5 மில்லிக்கு 120 அல்லது 125, இன்னொரு வகை 5 மில்லிக்கு 250. ஒரே கம்பெனியில் இந்த மூன்றும் வரும். அட்டைப் பெட்டியும் ஏறக்குறைய ஒரே ஜாடையில் இருக்கும். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது மேல்கணக்கு. சின்னவன் பத்து கிலோ என்றால் 150 மில்லிகிராம். 250 சிரப்பில் அது 3 மில்லி, 125 சிரப்பில் 6 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. பெரியவள் இருபது கிலோ இருந்தால் இதில் இரட்டிப்பு. சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றினாயானால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். அது ஈரலைப் பிடிக்கிற விஷயம். மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்று வாங்கிக்கொள். கன்னத்துக்குள் ஒதுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக விடு. வேளைக்கு வேளை ஆறு மணி நேரம் இருக்கட்டும். எவ்வளவு அனத்தினாலும் நாலு மணி நேரத்துக்கு முன்னால் வேண்டாம், நாளைக்கு நாலு வேளையைத் தாண்டவும் வேண்டாம். கொடுத்த நேரத்தைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டு. நீ ஒரு வேளை கொடுத்தது தெரியாமல் மாப்பிள்ளை ஒரு வேளை கொடுப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான்.

சளிக்கு என்று தனி சிரப் எதுவும் வாங்காதே. பல சளி சிரப்புகளில் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும், கணக்கு தப்பிவிடும். குளோர்பெனிரமினும் பினைல்எஃப்ரினும் கலந்த சிரப்பை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் அரசாங்கமே சொல்லிவிட்டது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் நஞ்சு கலந்த இருமல் சிரப்பைக் குடித்துப் பிள்ளைகள் செத்துப்போன பிறகும் ஜனங்கள் கடைக்கு வந்து "இருமலுக்கு நல்லதா ஒண்ணு" என்று கேட்கத்தான் செய்கிறார்கள். ஆஸ்பிரின் அறவே கூடாது. ஃப்ளூ நேரத்தில் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் மூளையும் ஈரலும் வீங்குகிற ரெய்ஸ் சிண்ட்ரோம் வரக்கூடும். ஐபுப்ரொஃபன், மெஃபனமிக் அமிலம் மாதிரி மற்ற காய்ச்சல் மருந்துகளும் டாக்டர் சொல்லாமல் வேண்டாம், இது டெங்கு திரிகிற காலம். ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான், வைரஸுக்கு அது ஒன்றும் செய்யாது. பிறகு காது வலியோ நிமோனியாவோ சேர்ந்துகொண்டால் டாக்டரே எழுதுவார். "ஒரு செட் மாத்திரை கொடுங்க" என்று இங்கே கேட்கிறார்களே, அந்தப் பழக்கத்தைக் கடையில் விட நான் பட்ட பாடு உனக்குத் தெரியும்.

உன் ஆத்தா சொல்கிற கை வைத்தியத்தை நான் மொத்தமாகத் தள்ளவில்லை. மிளகுத் தண்ணியைக் காரம் குறைத்து வைத்துப் பெரியவளுக்குக் கொடு, தொண்டைக்கு இதம். இரவு இருமலுக்குப் படுக்கும்முன் அரை ஸ்பூன் தேன் நல்லது. சின்னவனுக்கு ஒன்றரை வயது ஆகிவிட்டதால் அவனுக்கும் கொடுக்கலாம். ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத்தான் தேன் ஆகாது. ஆனால் உரைமருந்து வேண்டாம், வசம்பு வேண்டாம். கொதிக்கிற சட்டியை முன்னால் வைத்துப் பிள்ளைக்கு ஆவி பிடிக்காதே. சட்டி கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகளுக்குக் களிம்பு கேட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி மார்பில் தேய்ப்பது, மூக்கில் வைப்பது இதெல்லாம் சின்னவனிடம் கிட்டவே வரக் கூடாது. கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும். மூக்கடைப்புக்கு உப்புத் தண்ணீர் சொட்டு கடையில் கிடைக்கும், பால் குடிப்பதற்கு முன்னால் விட்டால் போதும்.

கம்பளி போட்டுப் பொதிய வேண்டாம், ஒரு பருத்திச் சட்டை போதும். ஜில் தண்ணீரில் துணி நனைத்துப் போடாதே. நடுக்கம் எடுத்துச் சூடு இன்னும் ஏறும். ஜன்னலைத் திற. இங்கே யாருக்காவது காய்ச்சல் என்றால் வீட்டின் இரண்டாம் கட்டுப் பக்கம் படுக்கை போட்டுவிடுவோம். முற்றம் திறந்து கிடப்பதால் காற்று வந்தபடியும் போனபடியும் இருக்கும். உங்கள் ஃபிளாட்டில் பெங்களூருக் குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டு நாலு பேரும் ஒருத்தர் விட்ட மூச்சையே ஒருத்தர் வாங்கிக்கொண்டிருப்பீர்கள்.

இரவில் நீ பார்க்க வேண்டியது மூச்சைத்தான். சின்னவன் தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுசாக எண்ணு. அவன் வயதுக்கு 40-ஐத் தொட்டால் வேகமான மூச்சு. விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், மூச்சில் முனகல் கேட்டால், உதடு நீலம் பாய்ந்தால், எதைக் குடித்தாலும் வாந்தி எடுத்தால், எட்டு மணி நேரமாக ஒண்ணுக்குப் போகாவிட்டால், விடியட்டும் என்று உட்காராதே. 108 அங்கேயும் உண்டு. இன்னொன்று, காய்ச்சல் விட்டு இரண்டு நாள் விளையாடிய பிள்ளைக்கு மறுபடி காய்ச்சலும் இருமலும் தூக்கினால் உடனே காட்டு. நிமோனியா அப்படித்தான் வரும். பெரியவளை இப்போது அந்தக் கண்ணோடு கவனி. காய்ச்சல் இறங்கிய சமயத்தில் வயிற்று வலி, பல் ஈறில் ரத்தம், கை கால் சில்லிப்பு என்றால் டெங்குவையும் மனசில் வை.

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை காய்ச்சல் வேகத்தில் சில பிள்ளைகளுக்கு வலிப்பு வரும். பார்க்கப் பதைக்கும், பெரும்பாலும் சில நிமிஷங்களில் தானாக நின்றுவிடும். ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் வைக்காதே, மணியைப் பார். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆம்புலன்ஸ். நின்றுவிட்டாலும் டாக்டரிடம் போய்விடு. நம் வீட்டு நிலைக்கதவுச் சாவி, முழங்கை நீளம் இருக்குமே, அதை அந்தக் காலத்தில் வலிப்பு கண்ட பிள்ளை கையில் திணிப்பார்கள். இரும்பு பிடித்ததால் நின்றது என்பார்கள். அது நிற்கிற நேரத்துக்குத்தான் நின்றது. உன் அப்பத்தா காதில் இதைப் போட்டுவிடாதே.

அவர்களுக்காகத்தான் நோன்புக்கு வராதே என்கிறேன். டிக்கெட்டை இன்றே ரத்து செய். ஃப்ளூ காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே தொற்றும், அப்புறம் ஐந்து முதல் ஏழு நாள் தொற்றும், சின்னப் பிள்ளைகளிடம் அதற்கு மேலும் இருக்கும். அப்பத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, சர்க்கரை வேறு. பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் என்றால் மடியில் போட்டுக் கொஞ்சாமல் விடமாட்டார்கள். பங்காளிகள் எல்லாரும் கூடுகிற வீடு. மாவில் நூல்திரி ஏற்றி இழை எடுக்கும்போது உங்கள் பேரைச் சொல்லிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொள்கிறோம், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். உன் ஆத்தாதான் கோபித்துக்கொள்வாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பெரியவளைப் பள்ளிக்கூடம் அனுப்புவதும் மருந்து இல்லாமலே ஒரு முழு நாள் காய்ச்சலின்றி இருந்த பிறகுதான்.

சாப்பாட்டுக்கு வற்புறுத்தாதே. இடியாப்பத்தில் பால் விட்டோ, குழைந்த சோற்றில் பருப்புத் தண்ணி விட்டோ, கேட்டதைக் கேட்ட நேரத்தில் கொடு. பட்டினி போட்டால் காய்ச்சல் இறங்கும் என்பது பிள்ளைகளுக்கு ஒத்துவராது. சின்னவனுக்குத் தாய்ப்பால் தொடர்கிறாய் என்றால் அதையே அடிக்கடி கொடு. உடம்பு தேறியதும் கும்மாயம் கிண்டிக் கொடு, மாவும் கருப்பட்டியும் வருகிற பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். நெய்யைப் பார்த்துக் கஞ்சத்தனம் பண்ணாதே.

அப்புறம் தடுப்பூசி. சர்க்கார் இலவசமாகப் போடுகிற பட்டியலில் ஃப்ளூ ஊசி இல்லை, அதனால்தான் பலருக்கு ஞாபகம் வருவதில்லை. ஆறு மாதம் ஆன பிள்ளையிலிருந்து போடலாம். ஒன்பது வயதுக்குள் முதல் தடவை போடுகிற பிள்ளைக்கு நாலு வார இடைவெளியில் இரண்டு ஊசி, அப்புறம் வருஷத்துக்கு ஒன்று. கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் ஊசியும் வருஷா வருஷம் மாறும், போன வருஷத்து ஊசி இந்த வருஷத்துக்குப் போதாது. இரண்டு பேரும் தேறியதும் டாக்டரிடம் நாள் குறித்துக்கொள். நீங்கள் இரண்டு பேரும் போட்டுக்கொள்ளுங்கள். அப்பத்தாவுக்கு நான் இங்கே ஏற்பாடு பண்ணுகிறேன்.

இதைப் படித்ததும் அந்த சிரப் பாட்டிலைப் போட்டோ எடுத்து அனுப்பு. பிராண்டு பேர் இருக்கிற பக்கம் வேண்டாம், 5 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிற பக்கம்.

அன்புடன்,
அப்பச்சி