ஆண்டறிக்கை 2025: விசேட தேவையுடைய பிள்ளைகளின் பெற்றோர் சங்கம், திருகோணமலை

தலைவர், பொருளாளர், அங்கத்தவர்கள், இந்த முறை அதிசயமாக வந்திருக்கும் அப்பாமார் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன, புயலால் டிசம்பர் கூட்டம் மட்டும் இல்லை. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். விளையாட்டுப் போட்டி நல்லபடி நடந்தது, ஆனால் பிள்ளைகளை வெயிலில் இருத்திவைத்துவிட்டு அதிதிகள் பேசிக்கொண்டே போவதை அடுத்த முறை யாராவது துணிந்து நிறுத்த வேண்டும். சரி, இனிச் சாப்பாட்டு விஷயம். இந்த வருடம் அதிக நேரம் பேசியதும் சண்டை பிடித்ததும் அதைப் பற்றித்தான்.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அப்புறம் அது குறைந்தது என்று செய்தியில் சொன்னார்கள், குறைந்தது பெரும்பாலும் ஏறும் வேகம்தான், ஏறின விலை பழைய நிலைக்கு இறங்கவில்லை. அந்த நேரம் நாங்களும் எல்லோரையும் போல உலர் உணவுப் பொதி கொடுக்கத் தொடங்கினோம்: அரிசி, பருப்பு, சீனி, சோயாமீற், நெத்தலி. எல்லா வீட்டுக்கும் ஒரே பொதி. இந்த வருடம் நிர்வாகக் குழு வீடு வீடாகப் போய்ப் பார்த்தபோது பல வீடுகளில் பொதியை மற்றப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள், யாருக்காகக் கொடுத்தோமோ அந்தப் பிள்ளைக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்கு மெல்லவும் விழுங்கவும் கஷ்டம், சோயாமீற்றை வைத்து என்ன செய்வது? மீன் கொடுங்கள் என்கிறார்கள். திருக்கடலூரில் மலிவாகக் கிடைப்பது சூடை, அது முழுக்க முள். முள்ளில்லாமல் உதிர்த்து வறை செய்யச் சுறா வேண்டும், அதன் விலையை நான் சொல்லத் தேவையில்லை. ஓட்டிசம் உள்ள சில பிள்ளைகள் வெள்ளைப் புட்டும் ஒரே வகை பிஸ்கட்டும் தவிர வேறெதையும் தொடமாட்டார்கள். பசித்தால் தானாகச் சாப்பிடும் என்று சொந்தக்காரர் சொல்வார்கள், ஒரு நாள் முழுக்க வந்து இருந்து பார்த்தால் தெரியும்.

இதில் ஆபத்தான விஷயம் கஞ்சி. அரிசி குறையும்போது தண்ணீரைக் கூட்டி நாளைச் சமாளிப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான், ஆனால் விழுங்கக் கஷ்டப்படும் பிள்ளைக்குத் தண்ணிக் கஞ்சி சுலபமாகப் புரையேறி நெஞ்சுக்குள் போகும், அது நிமோனியா ஆகும், அப்புறம் வார்ட்டில் அம்மா கூட நிற்க வேண்டும், வீட்டைப் பார்க்க அப்பா நின்றுவிட்டால் அந்தக் கூலியும் போச்சு. பேச்சு சிகிச்சையாளர் ஒருவர் வந்து எவ்வளவு தடிப்பாகக் கரைப்பது, எப்படி நிமிர்த்தி இருத்துவது, கொடுத்து முடிந்தும் ஏன் அரை மணி நேரம் படுக்க வைக்கக்கூடாது என்று செய்து காட்டினார். இந்த வருடம் நாங்கள் நடத்தியதில் உருப்படியானது அதுதான் என்பேன்.

ஒரு வேளை ஊட்டி முடிக்கவே ஒரு மணி நேரம் போகிற வீட்டில் அம்மா வேலைக்குப் போக முடியாது. வாடைக் காலத்தில் அப்பாவுக்குக் கடலும் இல்லை. பம்பர்ஸ், கிளினிக்குக்கு ஓட்டோ, ஆஸ்பத்திரியில் முடிந்துபோன மருந்தை வெளியில் வாங்குவது, இவற்றில் கை வைக்க முடியாது. கை வைக்கக் கூடியது சாப்பாட்டில், அதுவும் முதலில் அம்மாவின் தட்டில். கேட்டால் எல்லோரும் “நான் சாப்பிட்டேன்” என்பார்கள். அதனால் இனிக் கேட்பதில்லை, பானையைப் பார்க்கிறோம்.

அரசாங்க உதவி: மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவை 2025 பாதீட்டில் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கினார்கள், நல்லது, நாளுக்கு 330 ரூபாய் சொச்சம். குறைந்த வருமான வீடுகளுக்கான அரசாங்க உதவிப் பணமான அஸ்வெசும யாருக்கு என்று முடிவு செய்ய 22 குறிகாட்டிகள் பார்க்கிறார்கள். மேன்முறையீடு எழுத வேண்டியவர்கள் என்னிடம் வாருங்கள், பிள்ளையின் மாதச் செலவைப் பற்றுச்சீட்டோடு கொண்டு வாருங்கள். பாடசாலை மதிய உணவு 2024 இலிருந்து தரம் 1 முதல் 5 வரை எல்லோருக்கும் என்றார்கள், எங்கள் பிள்ளைகளில் பலர் பாடசாலைக்கே போவதில்லையே, அவர்களுக்கு? அரசாங்கம் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவும் நிறை குறைந்த பிள்ளைக்கு ஐந்து வயது வரைதான். எட்டு வயதில் நாலு வயது நிறையோடு இருக்கும் பிள்ளை எந்தப் பட்டியலிலும் இல்லை. வலயக் கல்வி அலுவலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுதியிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை.

ஆகவே வருட நடுவில் பொதியை நிறுத்தி, அந்தந்த ஊர்க் கடைக்குக் கூப்பன் கொடுத்தோம். முட்டையா, உருளைக்கிழங்கா, குரக்கன் மாவா என்று அம்மாவே எடுப்பார். ஒருவருக்கு ஒன்று இன்னொருவருக்கு வேறொன்று என்றால் பிரச்சினை வரும் என்று சிலர் சொன்னார்கள், கொஞ்சம் வந்தது, பிறகு அடங்கிவிட்டது. ஒரு நன்கொடையாளர் மட்டும் விலகினார். கூப்பனைக் கையில் பிடித்து எடுத்த படம் எடுப்பாக இல்லையாம். நோன்பு மாதத்தில் கிண்ணியா அங்கத்தவர்கள் பள்ளிவாசல் கஞ்சியைப் பிள்ளைகளுக்கும் பகிர்ந்தார்கள், தேங்காய்ப்பால் விட்ட அந்தத் தடிப்பான கஞ்சி இவர்களுக்கென்றே காய்ச்சியது மாதிரி.

நவம்பர் இறுதியில் டித்வா புயல். மூதூர், வெருகல் பக்கம் மகாவலி வெள்ளம். முகாமில் சோற்றுப் பார்சல் தாராளமாக வந்தது, எல்லாம் காரக் கறி, அரைக்க ஒன்றும் இல்லை. அம்மாமார் சோற்றைக் கழுவிக் கையால் பிசைந்து கொடுத்திருக்கிறார்கள். அடுத்த மாரிக்கு முன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வாளியில் சத்துமா, சிறிய கரண்டி, மருந்து, பிள்ளை என்ன சாப்பிடும் என்று எழுதிய அட்டை, எல்லாவற்றையும் கட்டி வைக்க வேண்டும் என்று குழு தீர்மானித்திருக்கிறது. அட்டையைச் சிங்களத்திலும் எழுத வேண்டும், முகாமுக்கு வரும் உத்தியோகத்தர் எல்லோருக்கும் தமிழ் தெரியாது.

கடைசியாக, வேலை செய்யும் நிலையில் பழைய கிரைண்டர் யாரிடமாவது சும்மா இருந்தால் உபதலைவரிடம் கொடுங்கள், மூடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சந்தா பாக்கி உள்ளவர்கள் முடிந்ததைக் கட்டுங்கள். முடியாதவர்கள் அதற்காகக் கூட்டத்துக்கு வராமல் இருக்க வேண்டாம்.

செயலாளர்