ஸ்னாப்ஷாட் இல்லை என்றது உங்கள் கன்சோல், டேட்டாஸ்டோரில் கிடந்தவை 19 டெல்டா ஃபைல்கள்: ஒரு வாடிக்கையாளரின் புகார்

வணக்கம்.

உங்கள் சப்போர்ட் தளத்தில் டிக்கெட் போட்டு, அது தானாக மூடிக்கொண்டு, நான் மறுபடி திறந்து, மறுபடியும் மூடிக்கொண்ட பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். டிக்கெட்டில் எழுதியதை யாரும் முழுதாகப் படிக்கவில்லை என்பது உறுதியாகத் தெரிந்துவிட்டதால், நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

ஆறு வருடமாக, ஒரே நிஜ சர்வருக்குள் பல மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் உங்கள் சர்வர் விர்ச்சுவலைசேஷன் மென்பொருளைத்தான் ஓட்டுகிறோம். எட்டு ஹோஸ்ட் (நிஜ சர்வர்), எல்லாம் ஒரே கிளஸ்டராக இணைந்தவை, அவற்றின் மேல் ஏறக்குறைய 240 விஎம் (மெய்நிகர் சர்வர்). குறை சொல்வதற்கென்றே கிளம்பியவன் என்று நினைக்க வேண்டாம். ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் விஎம்மை ஒரு ஹோஸ்டிலிருந்து இன்னொன்றுக்கு முதன்முதலாக மாற்றிய அன்று, இணைப்பு அறுகிறதா என்று பார்க்கப் பக்கத்து ஜன்னலில் பிங் ஓடவிட்டு நாலு பேர் சுற்றி நின்று பார்த்தோம், ஒரு பாக்கெட்கூட விழவில்லை. அந்த நம்பிக்கையில்தான் அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு முக்கியமான சர்வரையும் உங்கள் மேல் ஏற்றினோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு நாள் அதிகாலை 2:40-க்கு ஒரு டேட்டாஸ்டோரில் (விஎம்களின் டிஸ்க் ஃபைல்களை வைக்கும் சேமிப்பிடம்) இருந்த 31 விஎம்களும் வரிசையாக நின்றுபோயின. கன்சோலைத் திறந்தால் ஒவ்வொன்றின் மேலும் ஒரே கேள்வி: டிஸ்கில் இடம் இல்லை, மறுபடி முயலவா, நிறுத்தவா? 10 டிபி டேட்டாஸ்டோர் அது. மூன்று வாரம் முன்பு அதில் கிட்டத்தட்ட 3 டிபி காலியாக இருந்தது. எங்கே போனது?

ஃபோல்டருக்குள் நேராகப் போய்ப் பார்த்தபோது தெரிந்தது. டேட்டாபேஸ் விஎம்மின் பெயரில் 19 டெல்டா ஃபைல்கள் (ஸ்னாப்ஷாட், அதாவது ஒரு நொடியில் விஎம் இருந்த நிலையின் பதிவு, எடுத்த பின் வரும் மாற்றங்கள் போய்ச் சேரும் ஃபைல்கள்), ஒவ்வொன்றும் 150 ஜிபி சுற்றுவட்டத்தில், தேதிவாரியாக, ஒவ்வொரு இரவும் பேக்கப் ஓடிய நேரத்துக்கு ஒன்று. ஆனால் உங்கள் கன்சோலில் அதே விஎம்மின் ஸ்னாப்ஷாட் பக்கம் வெறுமையாக இருந்தது. 'ஸ்னாப்ஷாட் எதுவும் இல்லை' என்று ஒரு வரி, அவ்வளவுதான். இரண்டு ஜன்னலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தை டிக்கெட்டில் சேர்த்திருக்கிறேன், தயவுசெய்து அதை மட்டுமாவது பாருங்கள்.

ஸ்னாப்ஷாட் எடுத்தால் மூல டிஸ்க் ஃபைல் அப்படியே உறைந்துவிடும், அதற்குப் பிறகு எழுதப்படுவதெல்லாம் பக்கத்தில் உருவாகும் டெல்டா ஃபைலுக்குப் போகும், பேக்கப் முடிந்து ஸ்னாப்ஷாட்டை அழிக்கும்போது அந்த டெல்டாவை மூலத்தோடு சேர்க்க வேண்டும். (இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் என் டிக்கெட்டைக் கையில் எடுத்த மூன்றாவது பொறியாளருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.) எங்கள் விஷயத்தில் பேக்கப் சர்வர் அந்த டிஸ்கின் பூட்டை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதனால் சேர்க்கும் வேலை பாதியில் தோற்றுப்போனது. ஆனால் உங்கள் மென்பொருள் ஸ்னாப்ஷாட்டைப் பட்டியலிலிருந்து முதலிலேயே எடுத்துவிட்டு, அப்புறம்தான் ஃபைலைச் சேர்க்கப் போகிறது. வேலை தோற்றாலும் பட்டியல் சுத்தமாகத்தான் தெரியும். அடுத்த இரவு அதற்கு மேல் இன்னொன்று, அதற்கு அடுத்த இரவு இன்னொன்று. 19 நாள்.

இதில் எங்கள் பக்கத் தவறும் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. டேட்டாஸ்டோர் 85 சதவீதம் தாண்டியதும் எச்சரிக்கை வந்தது. பார்த்தோம், ஸ்னாப்ஷாட் பட்டியல் காலி, சரி தின் டிஸ்குகள்தான் (எழுத எழுத இடம் பிடிக்கும் டிஸ்குகள்) வளர்கின்றன போல என்று நினைத்து, பழைய ஐஎஸ்ஓ ஃபைல்களை அழித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டோம். ஃபோல்டரைத் திறந்து பார்த்திருக்கலாம். ஆனால் ஃபோல்டரைத் திறந்து பார்த்துத்தான் நிலவரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அந்தக் கன்சோல் எதற்கு?

அன்று காலை மீண்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். டெல்டாவைச் சேர்க்கவே கொஞ்சம் இடம் வேண்டும், இடமோ ஒரு ஜிபிகூட இல்லை. எங்கள் குழுவில் ஒருவருக்குத்தான் யோசனை வந்தது: சோதனைக்கு வைத்திருந்த இரண்டு விஎம்களை முழுதாக அணைத்தால் அவற்றின் மெமரி அளவுக்கு டிஸ்கில் ஒதுக்கி வைத்திருக்கும் ஸ்வாப் ஃபைல் தானாக நீங்கும், ஒவ்வொன்றுக்கும் 32 ஜிபி மெமரி, ஆக 64 ஜிபி கிடைக்கும். கிடைத்தது. அதை வைத்து முதலில் சின்ன விஎம்களை வேறு டேட்டாஸ்டோருக்கு நகர்த்தி மூச்சுவிட இடம் பண்ணிக்கொண்டு, பிறகுதான் சேர்க்கும் வேலையைத் தொடங்கினோம். அது 11 மணி நேரம் ஓடியது, கடைசிக் கட்டத்தில் டேட்டாபேஸ் 40 விநாடி உறைந்து நின்று எல்லா இணைப்பும் அறுந்தது. இந்த ஸ்வாப் ஃபைல் யோசனை உங்கள் சப்போர்ட்டிலிருந்து வந்திருக்க வேண்டும் சார். அந்த நேரத்தில் அவர்கள் லாக் (சர்வர் எழுதிவைக்கும் பதிவுகள்) கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த லாக் ஃபைல்களின் தொகுப்பை, அதாவது லாக் பண்டிலை, மூன்று தடவை ஏற்றினேன். ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் புதிதாக வருபவர் அதே கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறார். விஎம்கள் எழுந்து நின்றதும் 'சேவை மீண்டுவிட்டது' என்று எங்களைக் கேட்காமலே டிக்கெட்டின் தீவிரத்தை 1-லிருந்து 3-க்கு இறக்கிவிட்டீர்கள். அப்புறம் வந்த விளக்கங்கள் இன்னும் விசேஷம். சேர்க்காத டெல்டா கிடந்தால் 'ஒருங்கிணைப்பு தேவை' என்று காட்டும் ஒரு நெடுவரிசை கன்சோலில் இருக்கிறதாம், இயல்பாக மறைத்து வைக்கப்பட்டிருக்குமாம், நாங்கள்தான் எடுத்து வைத்துப் பார்த்திருக்க வேண்டுமாம். எடுத்து வைத்தேன். அதே கோளாறை ஒரு சோதனை விஎம்மில் வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்த்தேன். இரண்டு டெல்டா கிடக்கும்போதே அந்த நெடுவரிசையில் 'தேவையில்லை' என்று வந்தது. அதற்குப் பதிலாகப் புதிய வெர்ஷனுக்கு மாறச் சொன்னார்கள், அந்த வெர்ஷனின் வெளியீட்டுக் குறிப்பைப் படித்தால் இதே பிரச்சினை 'அறியப்பட்ட சிக்கல்கள்' பகுதியில் உட்கார்ந்திருக்கிறது!

கடைசியாக வந்த பதிலில், விர்ச்சுவலைசேஷன் சூழலில் இப்படி நடப்பது இயல்புதான் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐபிஎம் மெயின்ஃபிரேமில் விஎம்/370 என்ற விர்ச்சுவலைசேஷன் மென்பொருள் வந்தது 1972-இல். அரை நூற்றாண்டுத் தொழில்நுட்பத்தை விற்றுக்கொண்டு 'இயல்புதான்' என்று சொன்னால் எப்படி?

லைசென்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. டேட்டாபேஸுக்கும் கோர் (பிராசசருக்குள் இருக்கும் கணிப்பு அலகு) கணக்கில் காசு கட்டுகிறோம் என்பதால் வேண்டுமென்றே 8 கோர் பிராசசர்கள் வாங்கினோம். ஒரு ஹோஸ்டில் இரண்டு பிராசசர், எட்டு ஹோஸ்டுக்கும் மொத்தம் 128 கோர். நீங்கள் இந்தப் புதுப்பித்தலில் பிராசசருக்குக் குறைந்தது 16 கோர் என்று கணக்குப் போட்டு 256-க்குப் பில் அனுப்பியிருக்கிறீர்கள். இல்லாத கோருக்குப் பணம் கேட்பவர்கள், இருக்கிற டெல்டா ஃபைலைக் கண்ணில் காட்டுவதில்லை.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். டிக்கெட்டை மறுபடி திறந்து, ஒரே பொறியாளரிடம் கொடுங்கள். சேர்க்கும் வேலை தோற்றபின்னும் பட்டியல் ஏன் காலியாகிறது என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும், திருத்தம் எந்த வெளியீட்டில் வரும் என்பதும் அதில் இருக்க வேண்டும். பில்லில் 16 கோர் கணக்கை மறுபடி பாருங்கள். அதுவரை நாங்கள் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட் ஒவ்வொரு காலையும் எல்லா ஃபோல்டரிலும் டெல்டா ஃபைல்களை எண்ணி எங்களுக்கு மெயில் அனுப்புகிறது, உங்கள் மென்பொருள் செய்ய வேண்டிய வேலை அது.

மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் சொல்லாமல் இருப்பதும் சரியில்லை: இரண்டு ஹோஸ்டை ஏற்கனவே தனியாகப் பிரித்து, லினக்ஸின் சொந்த விர்ச்சுவலைசேஷனான கேவிஎம் போட்டு ஓட்டிப் பார்க்கிறோம். 2007-லிருந்து லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கும் சமாச்சாரம்தான், நாங்கள்தான் இவ்வளவு நாள் திரும்பிப் பார்க்கவில்லை. புதுப்பித்தலுக்கு இன்னும் 60 நாள் இருக்கிறது.

லாக் பண்டிலை நான்காவது தடவையாக இன்று காலை ஏற்றியிருக்கிறேன். ஃபைல் பெயரே டிக்கெட் எண்தான். மறுபடி கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
டேட்டா சென்டர் நிர்வாகி