கண்ணீரோடு சொல்வதும் கருத்துதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொது விவாதத்தில் யாரேனும் குரல் தழுதழுக்கப் பேசிவிட்டால், "உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறார்" என்று சொல்லி, அவர் பேசியதை அப்படியே ஓரங்கட்டிவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. நாளிதழ்களும் இதற்கு விலக்கில்லை. பாதிக்கப்பட்டவர் கதறி அழுதார் என்பது தலைப்பாகிவிடுகிறது. அழுதுகொண்டே அவர் எழுப்பிய கேள்வியும், சுட்டிக்காட்டிய தவறும் பல நேரங்களில் செய்தியின் கடைசிப் பத்தியில்கூட இடம்பெறுவதில்லை. அதே விவகாரத்தைப் பற்றிச் சலனமற்ற முகத்தோடு பேசும் அதிகாரியின் விளக்கமோ வரி குறையாமல் வெளியாகிறது. உணர்ச்சியும் அறிவும் ஒன்றுக்கொன்று பகை, ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கிவிடும் என்ற நம்பிக்கைதான் இதற்கெல்லாம் அடிப்படை. அந்த நம்பிக்கை எந்த அளவுக்குப் பிழையானது என்பதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

உணர்ச்சி விலகினால் அறிவு துலங்கும் என்பது உண்மையானால், மூளையில் நேர்ந்த பாதிப்பால் உணர்ச்சி மழுங்கிப்போனவர்கள் எல்லாரையும்விடத் தெளிவாக முடிவெடுப்பவர்களாக இருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. நெற்றிக்குப் பின்னால் மூளையின் முன்பகுதியில் சேதமடைந்த நோயாளிகளை ஆராய்ந்த நரம்பியல் மருத்துவர் அந்தோனியோ டமாசியோ, 1994-இல் வெளியிட்ட நூலில் இதை விவரித்திருக்கிறார். அவர் கண்ட நோயாளிகளில் சிலருக்கு நினைவாற்றலிலோ மொழியிலோ கணக்கிலோ குறை எதுவும் இல்லை. அறிவுத்திறன் சோதனைகளில் நன்றாகவே தேறினார்கள். ஆனாலும் சொந்த வாழ்க்கையை நடத்திக்கொள்ள அவர்களால் முடியவில்லை. அவர்களில் ஒருவரிடம் அடுத்த சந்திப்புக்கு இரண்டு தேதிகளைச் சொல்லி, எது வசதி என்று மருத்துவர் கேட்கிறார். நோயாளி நாட்குறிப்பைப் புரட்டியபடி, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலைகள், அன்றைய வானிலை என ஒவ்வொரு தேதிக்கும் சாதகமும் பாதகமுமான காரணங்களை ஏறத்தாழ அரைமணி நேரம் அடுக்கிக்கொண்டே போகிறார். கடைசியில் மருத்துவரே பொறுமையிழந்து, இரண்டாவது தேதியில் வாருங்கள் என்று சொன்னதும், சரி என்று நாட்குறிப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

அவர் சொன்ன காரணங்களில் தவறு ஏதும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'இவ்வளவு போதும்' என்று நமக்குள் எழும் சலிப்பு, எதிரில் இருப்பவரின் நேரத்தை வீணடிக்கிறோமே என்ற கூச்சம், இது பெரிது அது சிறிது என்று சட்டென்று பிரித்துக் காட்டும் ஈர்ப்பும் வெறுப்பும், இவைதாம் அவரிடம் எழவில்லை. காரணங்களை அடுக்குவது அறிவின் வேலை என்றால், அவற்றுக்கு எடை போட்டுக் கொடுப்பது உணர்ச்சியின் வேலை. எடை தெரியாதபோது எல்லாக் காரணங்களும் ஒரே அளவாகத் தெரிகின்றன.

உணர்ச்சிக்கு நியாயமான காரணம் உண்டு என்பதை அறிய நாம் மேல்நாட்டு ஆய்வுக்கூடங்களுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (சினம்), உவகை என எட்டு உணர்ச்சி வெளிப்பாடுகளை வகுத்ததோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எவற்றால் பிறக்கிறது என்று நான்கு நான்கு நிலைக்களன்களையும் சொல்கிறது. வெகுளிக்குச் சொல்லப்படுபவை உறுப்பறை, குடிகோள், அலை, கொலை ஆகியவை. உறுப்பை அறுத்தல், குடியைச் சார்ந்தோரை நலிதல், அலைத்துத் துன்புறுத்தல், உயிர்பறித்தல் என்று இவற்றுக்குப் பொருள் கொள்ளலாம். நான்குமே ஒருவர் மற்றவருக்கு இழைக்கும் கொடுமைகள். சினம் என்பது மனத்தின் கோளாறு என்ற தொனியே அங்கு இல்லை. கொடுமை நடந்திருக்கிறது, ஆகவே வெகுளி பிறக்கிறது, அவ்வளவுதான். அழுகைக்கான நான்கில் இழவும் இளிவும் இருக்கின்றன என்பதில் வியப்பில்லை, ஆனால் வறுமையும் அங்கே இடம்பெற்றிருக்கிறது. அழுபவரைப் பார்த்ததும் 'மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்' என்று சொல்லி நகர்ந்துவிடுகிற நாம், அவர் எதனால் அழுகிறார் என்ற அந்தப் பழைய கேள்வியைக் கைவிட்டுவிட்டோம்.

சினத்தால் விளையும் கேட்டை நான் மறைக்கவில்லை. ஆத்திரத்தில் ஓங்கிய கை செய்துவிடும் அழிவை எந்த விளக்கமும் சரிக்கட்டாது. அங்கே தவறுவது எடுத்த செயல். அதற்காக உள்ளே எழுந்த உணர்ச்சியையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடுகிறோம்.

சரி, அடக்கிவிட்டால்தான் என்ன என்று கேட்கலாம். உளவியலாளர்கள் ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் ஆகியோர் 1990-களில் நடத்திய ஆய்வுகளில், மனத்தை உலுக்கும் திரைப்படத் துண்டுகளைப் பார்ப்பவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும், உணர்வதை வெளியே காட்டக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள். முகம் அமைதியாகத்தான் இருந்தது. உள்ளே அவர்கள் உணர்ந்த அருவருப்பும் துயரமும் குறையவே இல்லை. மாறாக, இரத்தநாளங்களின் இறுக்கம் போன்ற உடல் அறிகுறிகள், அடக்காமல் பார்த்தவர்களைவிடக் கூடுதலாக இருந்தன. "அழாதே, நீ ஆம்பளை" என்று சொல்லி நாம் வளர்க்கும் சிறுவனிடம் பழக்கப்படுத்துவது இதைத்தான்.

உணர்ச்சியை வெளிக்காட்டுவது வெறும் பலவீனம் என்று எண்ணுவோர், குழந்தைகளை வைத்து உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் 1970-களில் நடத்திய சோதனையைப் படித்துப் பார்க்கலாம். குழந்தையோடு சிரித்து விளையாடிக்கொண்டிருந்த தாய், சில நிமிடங்களுக்கு மட்டும் எந்தச் சலனமும் காட்டாத முகத்தோடு அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, குரல் கொடுக்கிறது, கையை நீட்டுகிறது. எதற்கும் தாயின் முகம் மாறாதபோது பார்வையைத் திருப்பிக்கொண்டு துவண்டுவிடுகிறது. அந்த வயதில் அதற்கு மொழியே கிடையாது. மொழிக்கு முன்பே மனிதர்களுக்கிடையே நடக்கும் உரையாடல் ஒன்று உண்டு என்பதும், அது அறுந்தால் என்ன ஆகும் என்பதும் இதில் தெரிகிறது. உணர்ச்சி காட்டாத முகமே நடுநிலையின் அடையாளம் என்று நாம் கருதுகிற பழக்கத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கண்ணீரைப் பொய்யாகவும் வரவழைக்கலாமே என்ற ஐயம் நியாயமானது. மேடைக் கண்ணீரை நாம் போதுமான அளவு பார்த்துவிட்டோம். பிரெஞ்சு மருத்துவர் துஷேன், முகத்தசைகளை மின்சாரத்தால் இயக்கிப் பார்த்து, உதட்டோரம் மட்டும் விரியும் சிரிப்புக்கும், கண்ணைச் சுற்றிய தசையும் சேர்ந்து சுருங்கும் உண்மையான சிரிப்புக்கும் உள்ள வேறுபாட்டை 1862-இலேயே எழுதினார். டார்வின் 1872-இல் உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய தம் நூலில் அவருடைய ஒளிப்படங்களைப் பயன்படுத்திக்கொண்டார். ஆனால் அந்தக் கண்ணோரச் சுருக்கத்தையும் விரும்பியபோது வரவழைத்துக்கொள்ளக்கூடியவர்கள் பலர் உண்டு என்று பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக, முகத்தை மட்டும் வைத்து உண்மை பொய்யைத் தீர்மானிக்க முடியாது. இது அழுகிற முகத்துக்கு எவ்வளவு பொருந்துமோ, அமைதியான முகத்துக்கும் அவ்வளவு பொருந்தும். நிதானத்தையும் நடிக்கலாம், அதற்குப் பயிற்சியும் வசதியும் உள்ளவர்களுக்கு அது எளிதுகூட.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒருவர் அழுததையோ ஆத்திரப்பட்டதையோ செய்தியாக்குவதில் எனக்கு மறுப்பில்லை. அது நடந்த உண்மை, அதை எழுதத்தான் வேண்டும். அதோடு, அழுதபடி அவர் சொன்னது என்ன என்பதை அவர் சொன்ன வரிசையிலேயே வெளியிட்டு, அதைச் சரிபார்த்து, பொறுப்பானவர்களிடம் அதே கேள்விகளைக் கேட்டுப் பெற்ற பதிலையும் பக்கத்திலேயே போடுங்கள். அவர்கள் பதில் சொல்ல மறுத்தால், மறுத்ததையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்