'நேரடியாகப் பொருந்தும்' என்று விற்ற ஃபோர்க் செட் பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர் அவர்கள்

பொருள்: யெஸ்டி ரோடுகிங் மோட்டார் சைக்கிளுக்கான முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை), டிஸ்க் பிரேக் செட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தரக் கோருதல்

ஐயா,

வணக்கம். இது நான் எழுதும் நான்காவது கடிதம். முந்தைய மூன்றுக்கும் 'உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது' என்ற ஒரே குறுஞ்செய்திதான் வந்தது. எத்தனை முறைதான் பதிவு செய்வீர்கள்?

என்னுடையது 1984 மாடல் ரோடுகிங், அப்பா ஓட்டிய வண்டி. பாலக்கோட்டிலிருந்து மாதம் இரண்டு முறை சேலம் போகிறேன். தொப்பூர் கணவாயில் இறங்கியாக வேண்டும். டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆக்சிலேட்டரை விட்டால் என்ஜின் வேகத்தை இழுத்துப் பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பழைய டிரம் பிரேக் சூடேறிப் பிடிப்பு போய், முன்னால் போன லாரியின் பின்கட்டையைப் பார்த்துக்கொண்டே காலை ஊன்றி இறங்கியவன் நான். அந்தப் பயத்தில்தான் 23,800 ரூபாய் கொடுத்து உங்கள் செட்டை வாங்கினேன். 'வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம், நேரடியாகப் பொருந்தும்' என்று அட்டைப்பெட்டியிலேயே அச்சிட்டிருந்தீர்கள்.

பொருந்தவில்லை. ஃபோர்க்கை வண்டியின் கழுத்தில் பொருத்தும் தண்டான ஸ்டெம் 9 மி.மீ. கூடுதல் நீளம். மேல் நட்டு மரை முடிந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. கழுத்து பேரிங்கை இறுக்கும் கோனைத் தொடவே இல்லை. ஃபோர்க்கோ பழையதைவிட இரண்டு அங்குலம் குட்டை. முன்பக்கம் தாழ்ந்து, சிறு பள்ளத்தில் இறங்கினால்கூட ஹேண்டில் தலையாட்டுகிறது. சக்கர அச்சில் இடதுபக்கம் வரும் வளையமான புஷ்ஷின் அளவும் சரியில்லை. டிஸ்க், அதைக் கவ்வும் காலிப்பருக்கு நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் உரசுவது அதனால்தான்.

தொலைபேசியில் கேட்டால் எல்லாவற்றுக்கும் வாஷர். ஸ்டெம்முக்கு வாஷர், புஷ்ஷுக்கு வாஷர். போட்டுப் பார்த்தேன். மாரண்டஅள்ளி போய்ச் சேர்வதற்குள் டிஸ்க் நீலம் பாரித்து, லீவரை விட்ட பிறகும் சக்கரம் இறுகிக்கொண்டது. அது தொப்பூர் இறக்கத்தில் நடந்திருந்தால் இந்தக் கடிதத்தை என் மகன் எழுதிக்கொண்டிருப்பான்.

ஓசூர் பயணத்தைச் சொல்லாமல் விட முடியாது. 'பொருளை நேரில் கொண்டுவாருங்கள்' என்றீர்கள். ஃபோர்க்கைச் சாக்கில் கட்டி, லக்கேஜ் டிக்கெட் எடுத்து, பஸ்ஸில் கொண்டுவந்தேன். கண்டக்டர் 'மோட்டார் பம்பு ரிப்பேரா?' என்று கேட்டார். உங்கள் சேவை மையத்தில் ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்த பிறகு, 'வாடிக்கையாளர் எண்ணுக்குப் பேசுங்கள், பெரியவரே' என்றார் கவுண்டரில் இருந்த இளைஞர். அங்கேயே நின்று அழைத்தேன். மணி அவர் மேசையிலேயே அடித்தது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எடுத்து, 'அருகிலுள்ள சேவை மையத்தை நேரில் அணுகவும்' என்று சொல்லி வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வயது 56. மூட்டையோடு இராயக்கோட்டை வழியாகத் திரும்பியபோது ராத்திரி மணி ஒன்பது.

லேத் பட்டறைக்காரரைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். ஸ்டெம்மைக் கடைந்து சரிசெய்து தருகிறேன் என்று அவர் முதல் வாரமே சொன்னார். கடைந்தால் உத்தரவாதம் செல்லாது என்று உங்கள் உத்தரவாத அட்டையில் இருந்ததால் வேண்டாம் என்றேன். இப்போது அதே உத்தரவாதத்தைக் கேட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி வண்டியை மாற்றியமைப்பதே தவறு, அதனால் உத்தரவாதம் கிடையாது என்கிறார் அதே இளைஞர். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று அந்தப் பிரிவு சொல்வது உண்மைதான். பணம் வாங்கியபோது அந்தப் பிரிவு எங்கே போயிருந்தது? விற்கும்போது கடைக்காரர், கேட்கும்போது வக்கீலா?

உங்களால் மாம்பழ சீசன் முழுவதும் எனக்கு வண்டி இல்லை. தோப்புக்கும் மண்டிக்கும் ஆட்டோவில் அலைந்தேன். நஷ்டம் இரண்டு லட்சத்துக்குக் குறையாது. மனக்கஷ்டத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

உங்கள் மீது எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. தயவுசெய்து 15 நாட்களுக்குள் 23,800 ரூபாயையும் ஓசூர் போய்வந்த செலவையும் அனுப்பிவையுங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துவிட்டு, தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. நான் பஸ் ஏற வேண்டியதில்லை, இம்முறை நீங்கள்தான் ஏறி வர வேண்டும்.

ஃபோர்க் அதே சாக்கில், வாஷர்கள் உட்படக் கட்டி வைத்திருக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இளைஞரையே அனுப்பினால் நல்லது.

இப்படிக்கு,
பாலக்கோடு வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், லக்கேஜ் டிக்கெட், நீலம் பாரித்த டிஸ்கின் படம்